புளித்துப்போன தெளுவு: ஒரு சுண்ணாம்பு மூட்டையின் நிகழ்வு ஆய்வு

அத்தைக்குத்தான் முதலில் தெரிந்தது. வழக்கம்போலப் பனந்தெளுவை, அதாவது பதநீரைக் காய்ச்சி, பாகைக் கொட்டாங்குச்சிகளில் ஊற்றி வைத்திருந்தார். மறுநாள் கவிழ்த்துத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. விரலால் தொட்டால் பசை மாதிரி நூல் இழுத்தது. ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தும் இறுகவில்லை. "முப்பது வருசமாக் காய்ச்சறேன் கண்ணு, இப்படி ஒரு பாகைப் பார்த்ததில்ல" என்று போனில் சொன்னார். பின்னால் மாமா யாரையோ திட்டிக்கொண்டிருந்த சத்தமும் கேட்டது. திட்டு வாங்கிக்கொண்டிருந்தது என் சித்தி மகன்.

நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். இந்தக் குறிப்பை எழுத இரண்டு காரணங்கள். ஒன்று, செய்யாத தப்புக்கு ஒரு பையன் நான்கு நாள் பேச்சு வாங்கினான். இரண்டு, அவன் மேல் விழுந்த பழியை நீக்கச் சுண்ணாம்பின், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடின் முக்கியமான வினைகள் பலவற்றை வாசலிலேயே செய்து பார்க்க வேண்டி வந்தது. பனை ஏறுகிறவர்களுக்கும், சுண்ணாம்பு வாங்கி வைத்துப் புழங்குகிறவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமா வீடு வேலந்தாவளத்துக்குச் சற்று மேற்கே, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில். அவர் குத்தகைக்கு எடுத்து ஏறும் 14 பனைகள் எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர் மாவட்டத்தில் நிற்கின்றன. மற்ற ஊர்களில் பதநீர் என்பதை எங்கள் பக்கம் தெளுவு என்போம். மாசி, பங்குனியில் பாளை நன்றாக ஊறும். சாயங்காலம் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய முட்டியை, அதாவது சிறு மண்கலயத்தைக் கட்டிவிட்டு வந்தால் விடியற்காலையில் இறக்கலாம். சுண்ணாம்பு வேலை செய்தால் அது தெளுவு. வேலை செய்யாவிட்டால் புளித்து நுரைத்து அதே சாறு கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆகவே முட்டி புளித்தால் பாகு போகிற நட்டத்தோடு முடிவதில்லை, கையில் கள்ளு வைத்திருந்த குற்றமும் சேரும். மாமா அவ்வளவு கோபப்பட்டதற்கு அந்தப் பயம்தான் காரணம் என்று பிறகு புரிந்தது.

நடந்ததை நாள் வரிசையில் கேட்டு எழுதிக்கொண்டேன். வியாழன் வரை தெளுவு நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமைதான் தம்பி வேலைக்குச் சேர்ந்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இருந்தவன், அந்த வேலை முடிந்துபோக, மாமாவிடம் வந்திருந்தான். முட்டி கழுவுவது, சுண்ணாம்பு தடவுவது, இறக்கிய தெளுவை வடிகட்டுவது அவன் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் இறக்கிய முட்டிகளில் மெல்லிய நுரை. ஞாயிறன்று நன்றாகவே புளித்த வாடை. திங்களன்று முட்டி விளிம்பு வரை நுரை. சேர்ந்த நாளும் புளித்த நாளும் ஒட்டி வந்ததால் பழி நேராக அவன் தலையில் விழுந்தது.

"தடவறதுல என்ன கஷ்டம்? பேருக்கு இழுத்து விட்டிருப்பான்" என்றார் மாமா.

"நெறையத்தான் தடவுனேன்க்கா. ஞாயித்துக்கெழமை ரெண்டு மடங்கு போட்டேன். அப்பவும் நுரைச்சுது" என்றான் தம்பி.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சுண்ணாம்பு குறைந்ததால் புளித்திருந்தால், இரண்டு மடங்கு தடவிய நாளில் புளிப்புக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அப்படியானால் அளவு சரி, தடவிய பொருள்தான் சரியில்லை.

சுண்ணாம்பு முட்டிக்குள் என்ன செய்கிறது

பாளையிலிருந்து சொட்டும் சாறு ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும், காரமும் இல்லை, அமிலமும் இல்லை. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கு இது விருந்து. அது முதலில் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். பிறகு அவற்றை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். கூடவே பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமும், நேரம் போகப்போக அசிட்டிக் அமிலமும் தரும். அத்தையின் பாகு இறுகாததற்கும் இதுதான் காரணம். உடைந்த சர்க்கரைகள் கலந்த பாகில் சுக்ரோஸ் படிகமாகச் சேர முடியாது, பிசின் போலவே நின்றுவிடும்.

நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம். ஆனால் கரைந்தது முழுக்க அயனிகளாகப் பிரிந்துவிடுவதால் காரம் வலுவானது. நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் பி.எச். (7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம்) 12.4 அளவில் நிற்கும். அந்தக் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: வெறும் தண்ணீரில் கரைவதைவிடச் சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும். சுக்ரோஸ் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் சுக்ரேட் என்ற சேர்மமாகிவிடுகிறது. தெளுவு இனிப்பாக இருப்பதே தன்னைக் காக்கும் சுண்ணாம்பை முட்டிச் சுவரிலிருந்து இழுத்துக்கொள்ள உதவுகிறது. பனங்கற்கண்டு செய்யும் இடங்களில் இந்தச் சுண்ணாம்பைப் பிரித்து எடுக்கத் தனி வேலை செய்ய வேண்டியிருக்கும். கரியமில வாயுவைச் செலுத்தியோ சூப்பர் பாஸ்பேட் போட்டோ கால்சியத்தைக் கரையாத உப்பாகப் படிய வைத்து வடிகட்டுவார்கள்.

இவ்வளவு வேலையும் ஹைட்ராக்சைடு செய்வது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப்பட்டு அது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது பழையபடி சுண்ணாம்புக் கல்லாக மாறிவிட்டால் கதையே வேறு. கார்பனேட் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும், ஹைட்ராக்சைடில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறம் அதே வெள்ளை. பொடி அதே பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் காரம் இல்லையென்று தெரியும், அந்தச் சோதனையை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மூட்டை எங்கிருந்து வந்தது

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பேருந்து ஏறிவிட்டேன். போனவுடன் மாமாவிடம் கேட்ட கேள்வி: "மாமா, இந்த வருசம் சுண்ணாம்பு எங்க வாங்குனீங்க?"

வழக்கமாக அவர் சந்தையில் சுட்ட கல்லாக வாங்கி வந்து, மண்பானையில் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்க மூடி வைத்துப் புழங்குவார். போன வருசம் நீற்றியது பானையில் பாதி மிச்சம் இருந்தது. அது வியாழக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் எடுத்தது திண்ணையில் கிடந்த ஒரு பொடி மூட்டை.

அந்த மூட்டை அத்தையின் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் மேற்கே, ஒற்றப்பாலம் பக்கம் நெல் போடுகிறவர்கள். அங்கே மண் செம்பாறை வகை, அமிலத்தன்மை அதிகம், கும்மாயம் போடாமல் சரிவராது. மலையாளத்தில் கும்மாயம் என்பது நீற்றிய சுண்ணாம்பு. சிப்பியைச் சுட்டு எடுத்ததை நீற்றுக்கக்கா என்றும் கேட்டு வாங்குவார்கள். வேம்பநாட்டுக் காயல் சிப்பியைச் சுட்டு எடுப்பது கேரளத்தில் பழைய தொழில். போன வருசம் இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன் வயலுக்கு இறைத்ததில் மிச்சப்பட்டது கால் மூட்டை குறைந்த ஒரு மூட்டை. வாய் கட்டியும் கட்டாமலும் மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்திருக்கிறது. தை மாதம் இங்கே வந்தபோது "சும்மா கெடக்குது, முட்டிக்கு ஆகுமே" என்று கொடுத்துவிட்டார்கள். நல்ல மனதோடு கொடுத்தது, யாரையும் குறை சொல்ல இதில் இடம் இல்லை.

மாமா இன்னொன்றும் சொன்னார்: "எறக்கும்போதே மூட்டை கனமாத்தான் இருந்துச்சு. ஈரம் குடிச்சிருச்சுன்னு நெனச்சேன்." ஈரமும் இருந்திருக்கும். ஆனால் ஹைட்ராக்சைடு கார்பனேட்டாகும்போதே எடை கூடும். 74 கிராம் ஹைட்ராக்சைடு 44 கிராம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டு, 100 கிராம் கார்பனேட்டாகிறது. முழுக்க மாறினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை ஏறும். காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான், அதனால் வினை மெதுவாகத்தான் போகும். காய்ந்த பொடியில் அதையும்விட மெதுவாகப் போகும், துகளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் வாயு கரைந்து உள்ளே வரும். கேரளத்து மழைக்காலம் அந்தப் படலத்தை மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

வாசலில் செய்த சோதனைகள்

முதலில் எலுமிச்சைச்சாறு. ஒரு தட்டில் மூட்டைப் பொடி ஒரு கரண்டி. இன்னொரு தட்டில், பக்கத்து வீட்டில் வெற்றிலைக்கு வைத்திருந்த ஈரச் சுண்ணாம்பு. சாற்றைப் பிழிந்தவுடன் மூட்டைப் பொடி சோடா மாதிரி பொங்கியது. வெற்றிலைச் சுண்ணாம்பு சில குமிழிகளோடு அமைதியாகக் கரைந்தது. ஹைட்ராக்சைடும் அமிலமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் மட்டும்தான். கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்தால் கரியமில வாயு வெளியேறும். பொங்கல் கண்டால் கார்பனேட் இருக்கிறது என்று அர்த்தம், ஹைட்ராக்சைடு அறவே இல்லை என்று அர்த்தமாகாது. ஆகவே இதோடு நிறுத்த முடியாது.

அடுத்தது மஞ்சள். ஆலம் கரைக்கும் வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வேதியியல் இது: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் குங்குமச் சிவப்பு. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும். வெற்றிலைச் சுண்ணாம்பு போட்ட கிண்ணம் உடனே சிவந்தது. மூட்டையின் மேல்பொடி போட்டதில் மஞ்சள் கொஞ்சம் கருத்ததோடு சரி. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆலத்துக்கே ஆகாத சுண்ணாம்பா இது?" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவர் பையன் பக்கம் வந்துவிட்டார்.

மூன்றாவது சோதனையில் நான் சறுக்கினேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன், பள்ளிக்கூடத்தில் செய்கிறவர்களுக்கும் இது நேரும். இரண்டு சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை எடுத்துக் குழாயால் ஊதிப் பார்ப்பது என் திட்டம். மூச்சுக்காற்றால் சுண்ணாம்பு நீர் பால் போலாகும் என்பதை 1750களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் காட்டினார். சுண்ணாம்புக் கல்லில் கட்டுண்டிருக்கும் வாயுவும் நாம் வெளிவிடும் வாயுவும் ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் மாமா வீட்டுக் கிணற்றில் நல்ல சுண்ணாம்பைப் போட்டவுடன், ஊதுவதற்கு முன்பே தண்ணீர் கலங்கி வெண்துகள் மிதந்தது. சித்தூர் கிழக்கில் கிணற்று நீர் கடினம், கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சுண்ணாம்பு அதோடு வினைபுரிந்து இரண்டையும் கார்பனேட்டாகப் படிய வைத்துவிடும். 1841-இல் தாமஸ் கிளார்க் லண்டன் குடிநீரின் கடினத்தைப் போக்கச் சொன்ன வழியும் இதுவே. சரி, அன்றைக்கு எனக்கு அது இடைஞ்சல். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, படிவை வடிகட்டி, ஆறவைத்து மறுபடி செய்தேன். நல்ல சுண்ணாம்பின் மேல்நீர் மூன்றாவது ஊதலில் பாலானது. தம்பி விடாமல் ஊதிக்கொண்டே இருந்ததில், பாலான நீர் மறுபடி தெளியத் தொடங்கியது. அளவுக்கு மேல் போகும் கரியமில வாயு கார்பனேட்டைக் கரையும் பைகார்பனேட்டாக்கிவிடும், அதைத்தான் கிணற்றில் பார்த்தோம் என்று அவனுக்குச் சொன்னேன். மூட்டைப் பொடியின் நீர் எவ்வளவு ஊதியும் மங்கலோடு நின்றது.

தோட்டத்து ஆள் ஒருவர் அம்மோனியம் சல்பேட் உரம் ஒரு பிடி கொண்டுவந்தார். நல்ல சுண்ணாம்போடு சேர்த்து ஈரப்படுத்தினால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை. மூட்டைப் பொடியோடு சேர்த்தால் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்பு போட்ட வயலில் கையோடு அம்மோனியம் உரம் போடக்கூடாது என்பதற்கும் இதே வினைதான் காரணம், உரத்துத் தழைச்சத்து வாடையாகப் பறந்துவிடும்.

கட்டியின் குறுக்குவெட்டு

எல்லாவற்றையும்விட என் மனதில் பதிந்தது ஒரு கட்டி. மூட்டையின் அடியில் பொடி இறுகிக் கோழிமுட்டை அளவுக் கட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டி இரண்டாகப் பிளந்தேன். ஓடு மாதிரி கடினமான வெளித்தோல், உள்ளே மெத்தென்ற மாவு. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான், எங்கே தோல் முடிகிறது என்று சொல்ல முடியாது. பள்ளியிலிருந்து கேட்டு எடுத்துவந்த ஃபீனால்ப்தலீன் சொட்டுப் புட்டியைத் திறந்து, பிளந்த முகத்தில் நான்கு சொட்டு விட்டேன். நடுவில் ஒரு ரோஜா நிற வட்டம் பூத்தது. சுற்றிலும் சுண்டுவிரல் தடிமனுக்கு நிறமே ஏறவில்லை. ஃபீனால்ப்தலீன் பி.எச். 8.2-க்குக் கீழே நிறமற்றது, 10-ஐ நெருங்கினால் முழு ரோஜா. அந்த வெள்ளை வளையம் கல்லாகிவிட்ட பகுதி. ரோஜா வட்டம் இன்னும் உயிரோடு இருக்கும் சுண்ணாம்பு. கான்கிரீட் எவ்வளவு ஆழத்துக்குக் காற்றால் பழுதாகியிருக்கிறது என்று பொறியாளர்கள் பார்ப்பதும் இதே சொட்டு மருந்தால்தான்.

மாமா அந்தக் கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பள்ளி ஆய்வகத்தில் அளந்தும் பார்த்தேன். சுண்ணாம்பின் தரம் பார்க்கும் ஆய்வகங்களில் சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பைக் குலுக்கி, கரைந்ததை மட்டும் நடுநிலையாக்க எவ்வளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாகிறது என்று அளப்பார்கள். ஹைட்ராக்சைடு சர்க்கரையோடு சேர்ந்து கரைந்துவிடும், கார்பனேட் அடியில் தங்கிவிடும். முட்டிக்குள் நடப்பதேதான், குடுவைக்குள் நடக்கிறது. மூட்டையின் ஓரத்துப் பொடியில் ஹைட்ராக்சைடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுப்பொடியில் பாதிக்குச் சற்று மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை தம்பி எடுத்தது ஓரத்திலும் மேலேயும் இருந்துதான், வேறு எங்கிருந்து எடுக்க முடியும்?

ஒரு ராத்திரி, பத்து முட்டிகள்

வேதியியல் சொன்னது போதும் என்று நான் நினைத்தாலும் மாமாவுக்குப் போதவில்லை. அது நியாயம்தான். புளிப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: கழுவாத முட்டியில் ஒட்டிய ஈஸ்ட், பங்குனிச் சூடு, இறக்கத் தாமதமாவது. ஆகவே ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தோம்.

அதற்கு நல்ல சுண்ணாம்பு வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து சுட்ட கல் வாங்கி வந்து நீற்றினோம். அதைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லைத் தண்ணீரில் விட்டதும் சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு சீறல். கல்லில் கோடு விழுந்து, வாய் பிளந்து, பூவாக விரிந்து, தண்ணீர் தானாகக் கொதிக்க ஆரம்பிக்கும். 56 கிராம் கால்சியம் ஆக்சைடு 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 கிராம் ஹைட்ராக்சைடாகும்போது சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். ஒரு கிலோ நல்ல கல்லின் சூட்டையெல்லாம் பிடித்து வைக்க முடிந்தால் மூன்று லிட்டருக்கு மேல் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துவிடலாம். சுண்ணாம்புச் சூளையில் 900 டிகிரியில் செலவழித்த வெப்பத்தில் ஒரு பங்குதான் இப்படித் திரும்பி வருகிறது. பிளாஸ்டிக் வாளியில் இதைச் செய்யவே கூடாது. எப்போதும் தண்ணீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கல்குவியலின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். தம்பிக்கும் எனக்கும் ஆய்வகக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் அமிலம் விழுவதைவிடக் கெடுதல், காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். உடனே ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்து அரைமணி நேரமாவது கழுவ வேண்டும், துகள் இருந்தால் அதையும் கழுவி வெளியேற்றி, கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் எரிச்சல் அடங்கியதென்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நான்கு மரம் தேர்ந்தெடுத்தோம். பத்து முட்டிகளையும் வெந்நீர் ஊற்றிக் கழுவி ஒரே வெயிலில் காயவைத்தோம். மரத்துக்கு ஒரு முட்டியில் புதுச் சுண்ணாம்பு, ஒன்றில் மூட்டைச் சுண்ணாம்பு, ஆக எட்டு. மிச்சம் இரண்டு முட்டிகளில் ஒன்றுமே தடவவில்லை. தடவியது எல்லாம் தம்பியின் கைதான். பொடியையும் நீர்விட்டுக் குழைத்து, எது எது என்று அவனுக்கும் மாமாவுக்கும் தெரியாமல் நான் கிண்ணத்தில் கொடுத்தேன். முட்டிக் கழுத்தில் அடையாள நூல் கட்டி, நோட்டில் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் மாமா ஏறிக் கட்டினார்.

விடியற்காலை ஐந்தரைக்கு இறக்கினோம். ஒவ்வொரு முட்டியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு முட்டிகளில் சாறு கண்ணாடி மாதிரி, அடியில் சுண்ணாம்பு படிந்து, மேலே ஈ இரண்டு. பி.எச். தாள் 11-ஐக் காட்டியது. இன்னும் நான்கில் நுரை விளிம்பு வரை, தாள் 6. ஒன்றும் தடவாத இரண்டில் தாள் 5-க்கும் கீழே, ஆனால் நுரை அவ்வளவு இல்லை. நோட்டைத் திறந்து படித்தேன். தெளிந்த நான்கும் புதுச் சுண்ணாம்பு. நுரைத்த நான்கும் மூட்டை.

சுண்ணாம்பே தடவாத முட்டியைவிட மூட்டைச் சுண்ணாம்பு தடவியதில் நுரை அதிகம் என்பது எல்லாரையும் குழப்பியது. காரணம் எளிது. கார்பனேட்டால் ஈஸ்ட்டைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ஊறி வந்த அமிலத்தை அது நடுநிலையாக்கிக்கொண்டே இருந்தது, அதனால்தான் தாள் 6-இல் நின்றது. அப்படி நடுநிலையாக்கும்போதெல்லாம் அதுவும் கரியமில வாயுவை விட்டது. ஈஸ்ட் விட்ட வாயுவும் சுண்ணாம்புக்கல் விட்ட வாயுவும் சேர்ந்து பொங்கியிருக்கிறது. எலுமிச்சைச்சாறு போட்ட தட்டில் முந்தாநாள் பார்த்ததுதான் ராத்திரி முழுக்க மரத்தில் நடந்திருக்கிறது. தம்பி இரண்டு மடங்கு தடவிய நாளுக்கு மறுநாள் நுரை விளிம்பைத் தொட்டதும் இதனால்தான்.

புளித்ததையெல்லாம் அங்கேயே மரத்தடியில் கொட்டிவிட்டோம். மாமா தெளிந்த முட்டி ஒன்றிலிருந்து ஓலைப்பட்டையில் ஊற்றி முதலில் தம்பிக்கு நீட்டினார். "குடி சாமி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது

சுட்ட கல்லை நீற்றிய அன்றே பானையில் கழுத்து வரை தண்ணீர் நிறுத்தி மூடி வைக்கிறார்கள். காலையில் மூடியைத் திறந்தால் மேல்நீரில் பாலாடை மாதிரி மினுங்கும் ஒரு மெல்லிய ஏடு மிதக்கும், தொட்டால் நொறுங்கும். அதுவும் கார்பனேட்தான். காற்று பட்ட இடத்தில் மட்டும் ஏடாகி, அடியிலுள்ள சுண்ணாம்பைக் காற்றிலிருந்து மறைத்துவிடுகிறது. தண்ணீருக்கடியில் கிடக்கும் சுண்ணாம்பு வருசக்கணக்கில் கெடாது என்று கொத்தனார்கள் சொல்வது இதனால்தான். சுவரில் வெள்ளையடிக்கும்போது இதே கார்பனேட்டாவதைத்தான் நாம் விரும்புகிறோம், அது நடந்தால்தான் வெள்ளை சுவரைப் பிடித்து நிற்கும்.

வாரத்துக்கு ஒருமுறை அத்தை ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்துப் பானைச் சுண்ணாம்பை ஒரு துளி விட்டுப் பார்க்கிறார். குங்குமச் சிவப்பு வந்தால் முட்டிக்கு ஆகும். ஒரு எச்சரிக்கை சொல்லியிருக்கிறேன்: நிறம் வந்தாலே முழுச் சுண்ணாம்பு என்று ஆகாது, பாதி கெட்டதும் சிவக்கும். அதனால் எலுமிச்சைச்சாறும் கூடவே. சிவக்க வேண்டும், பொங்கக் கூடாது.

மிச்ச மூட்டையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மாமா தென்னைக்கு இறைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேரளத்திலேயே கரிசல் மண் உள்ள இடம் இந்தச் சித்தூர் பக்கம்தான். ஏற்கெனவே நடுநிலை தாண்டிக் காரத்தில் இருக்கும் மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். ஒற்றப்பாலத்து அமில மண்ணுக்கோ அது கார்பனேட்டானாலும் பாதகமில்லை. மெதுவாக, அமிலம் இருக்கிற வரைக்கும், கரைந்து வேலை செய்யும். பங்குனி உத்திரத்துக்கு அத்தையின் அண்ணன் வந்தபோது மூட்டையைத் தம்பிதான் தூக்கி அவர் ஜீப்பில் வைத்தான். இடவப்பாதிக்கு முன் வயலில் இறைத்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.